சேங்கொட்டைக் குறி

பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் ஆற்றோரமாகக் குடியிருந்த சலவைக்காரி இராக்கம்மாவைப் பற்றி, அவளிடம் துணி போடுகிற வீடுகளில் இரண்டு குறைகள் சொல்லுவார்கள். பெரியவர்கள் துணிக்கெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு குறியாகச் சேங்கொட்டைப் பாலால் போடுகிறவள், குழந்தைகள் துணிக்கு மட்டும் போடமாட்டாள். ஓரத்தில் ஒரு நூல் முடிச்சுப் போட்டு, அதுதான் அடையாளம் என்பாள். கல்லில் அடித்துத் துவைக்கிற துணியில் நூல் முடிச்சு எத்தனை நாளைக்கு நிற்கும்? இந்த வீட்டுப் பிள்ளையின் சட்டை அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். இது முதல் குறை. அடுத்தது, கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் மூட்டையைத் தொடுவதற்கு முன்னால், "புள்ளைக்கு அம்மை குத்தியாச்சா?" என்று கேட்பாள். இல்லை என்று சொன்னால் வெறுங்கையோடு திரும்பிப் போய்விடுவாள்.

துணிக்கடை நஸீரின் மனைவி ஸவாஹிராவுக்கு இது பொறுக்கவில்லை.

"இது என்ன புள்ள வம்பு? எங்கட மகன்ட சட்டை எண்டு சொல்லி ஆர்ட சட்டையையோ கொண்டாந்து தாறீங்க. ஒரு பொட்டுக் குறி போட்டா கையா தேஞ்சி போகும்?"

"போடமாட்டேங்கம்மா. வேணும்னா ரெண்டு நூலா கட்டித் தர்றேன். சின்னவனுக்கு அம்மை குத்திட்டீங்களா?"

"குத்தினா காய்ச்சல் வருமாம். ஊட்டுல பயப்படுறாங்க."

"காய்ச்சல் வரும், போயிரும். குத்திட்டுச் சொல்லி அனுப்புங்க. மூட்டைய வந்து எடுத்துக்கிறேன்."

ஸவாஹிரா வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஆனால் நஸீரின் வெள்ளைச் சாரத்தை இராக்கம்மாவைப் போல வெளுக்கப் பதுளையில் வேறு ஆள் இல்லை. அடுத்த வாரமே பிள்ளைக்கு அம்மை குத்தி, மூட்டையும் போனது.

அவளுக்கு இந்தப் பிடிவாதம் எங்கே ஏறியது என்று கேட்டால் பதில் சொல்லமாட்டாள். நாம் சொல்ல வேண்டுமானால், ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலத்துக்கு, அப்புத்தளைக்கு அந்தப் பக்கம் இருந்த கொடிக்கலைத் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

இராக்கம்மாவும் அவள் புருஷன் மாடசாமியும் மணப்பாறைப் பக்கத்துக்காரர்கள். மழை பொய்த்த வருஷத்தில், தோட்டத்துக்கு ஆள் கட்ட வந்த வீரய்யா கங்காணி அவர்களைப் பார்த்து, "வண்ணான் இல்லாத லயத்துல நல்லது கெட்டது எப்பிடிடா நடக்கும்? வா, ராசா மாதிரி இருக்கலாம்" என்று கூட்டி வந்தார். அப்போது இராக்கம்மாவின் இடுப்பில் தலைச்சன் பிள்ளை இருந்தான்.

கடலுக்கு அந்தப் பக்கத்து முகாமில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கையில் அம்மை குத்தினார்கள். பிள்ளைக்கும் குத்தினார்கள். வீரிட்டு அழுதான். பிறகு கப்பல், மறுபடி ஒரு முகாம், மறுபடி கூட்டம், எல்லாருக்கும் ஒரே தொட்டித் தண்ணீர். கொழும்பிலிருந்து ரயில் ஏறியபோது பிள்ளைக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. ரயில் மலை ஏறி அப்புத்தளையில் நின்றபோது உயிர் இல்லை. கூலியாட்களின் வரிசை வீடான லயத்துக்கு வந்த அன்று அவள் செய்த முதல் காரியம் பிள்ளையைப் புதைத்ததுதான்.

அவனைக் கொன்றது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். அதே ரயிலில் வந்த பெரியவர்களில் இரண்டு பேர் அதே வயிற்றுப்போக்கில் போனார்கள். ஆனால் ஊசியை வைத்ததை இராக்கம்மா கண்ணால் கண்டாள். தண்ணீரில் இருந்ததை யார் கண்டது? குத்தினார்கள், பிள்ளை செத்தான். அவள் மனக்கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல அப்போது அவள் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

தோட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது ராச வாழ்க்கை அல்ல, துணி மூட்டைதான். ஆனால் லயத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது முதலில் அவளுக்குத்தான் தெரியும். துணி பொய் சொல்லாது. எவள் முழுகாமல் இருக்கிறாள், எவன் குடித்துவிட்டு விழுந்தான், எந்த வீட்டில் பிள்ளைக்கு வயிறு சரியில்லை, எல்லாம் மூட்டையில் இருக்கும். மூட்டை வராவிட்டால் அதுவும் ஒரு சேதிதான். அம்மை போட்ட வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்பது வழக்கு. தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பி வைக்கிற வரைக்கும் அந்த வீட்டுத் துணி வண்ணான் கைக்கு வரக்கூடாது.

அடுத்து குருவம்மா பிறந்தாள். பிறந்த அன்றைக்கே இராக்கம்மாவுக்குப் பயமும் பிறந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை பதுளையிலிருந்து லத்தீப் என்கிற அரசாங்கத்து ஆள் பெட்டியோடு வருவார். லயத்தில் அவரை அம்மை குத்துற ஐயா என்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பிள்ளைகளை நிறுத்திச் சட்டைக் கையை ஏற்றிப் பார்ப்பார். தழும்பு இருந்தால் தள்ளிவிடுவார், இல்லாவிட்டால் குத்துவார். ஒளித்தால் தண்டம்.

தழும்புதானே பார்க்கிறார் என்று இராக்கம்மாவுக்குப் பட்டது. சேங்கொட்டையை முள்ளால் குத்தினால் வருகிற பால், துணியில் பட்டால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். துணி கிழிந்தாலும் குறி போகாது. தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகித் தழும்பு விழும். அவள் விரல்களிலேயே அப்படிப் பல தழும்புகள் இருந்தன. நல்லெண்ணெயில் குழைத்து, மகளின் கையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி வைத்தாள். பிள்ளை சில நாள் சிணுங்கினாள். பொருக்கு விழுந்து வட்டத் தழும்பு நின்றது. அந்த வருஷம் லத்தீப் வந்தபோது மழை பிடித்துக்கொண்டு, எல்லாரும் நனைந்துகொண்டிருந்தார்கள். அவர் குருவம்மாவின் கையைப் பார்த்து, "சரி, போ" என்றார். இராக்கம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? கங்காணியின் மருமகள் ரெங்கம்மா மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்க வந்தபோது குருவம்மாவின் கையைப் பார்த்துக் கேட்டாள். இராக்கம்மா சொல்லிவிட்டாள்.

"எம் புள்ளைக்கும் வச்சுவிடுக்கா" என்றாள் ரெங்கம்மா. அதுவரை அவள் வாயில் "ஏ ராக்கு" என்றுதான் வரும். "ஆத்தா வந்து வெளையாடுற ஒடம்புல ஊசிய வச்சா அவ சும்மா இருப்பாளா? எனக்கு ஒரே புள்ள. சத்தியமா ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரெங்கம்மா ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். அவளும் ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். அந்த வருஷத்துக்குள் லயத்தில் பாதிப் பிள்ளைகளின் கையில் இராக்கம்மாவின் புள்ளி ஏறிவிட்டது. கூலி என்று அவள் ஒன்றும் வாங்கவில்லை. வாசலில் நிற்க வைத்துச் சோறு போட்டவர்கள் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். அக்கா என்றார்கள். பிறந்ததிலிருந்து பின்வாசலிலேயே நின்றவளுக்கு அதைவிடப் பெரிய கூலி என்ன வேண்டும்? அவள் மயங்கினாள் என்றால் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வேடிக்கையும் நடந்தது. சொந்த வீட்டுத் துணிக்கு வண்ணாத்தி குறி போடுவதில்லை; அதனால் குருவம்மாவுக்கு நிஜக் குத்தைப் பார்த்து இரண்டு புள்ளி வைத்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு வைக்கும்போது கை பழக்கத்தில் போய்விட்டது. ரெங்கம்மா வீட்டுத் துணிக் குறி, நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் மூன்று புள்ளி. அவள் மகன் பழனியாண்டியின் கையிலும் அதே மூன்று புள்ளி விழுந்தது. பொருக்கு உதிர்ந்த பிறகுதான் இராக்கம்மா அதைக் கவனித்தாள். "துணியாடா நீ?" என்று அவன் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள். லத்தீப் எல்லாக் கைகளையும் பார்த்தார், எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே போனது.

அந்த வருஷம் கங்காணி மறுபடி அக்கரைக்குப் போய் ஆள் கட்டி வந்தார். வந்த சில நாளில் அப்புத்தளைக் கடைவீதியில் ஒருவனுக்குப் பெரியம்மை கண்டிருக்கிறது என்று சேதி வந்தது. இராக்கம்மா அதைக் கேட்டாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் ரெங்கம்மா வீட்டு மூட்டை வரவில்லை. மழை என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் வரவில்லை.

தானே போய்ப் பார்த்தாள். பகல் வேளையில் காம்பரா கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். ரெங்கம்மா பாதிக் கதவைத் திறந்து குறுக்கே நின்றாள். தலையில் எண்ணெய் இல்லை. அடுப்பு எரிகிற வீட்டில் தாளித்த வாசனை இல்லை. மஞ்சள் வாசனைதான் வந்தது. இந்தக் குளிர் மலையில் வேம்பு வளராது. வெல்லவாயாவிலிருந்து ஏறி வரும் வண்டிக்காரர்கள் கொண்டுவந்தால்தான் உண்டு. நடையில் வேப்பிலை உதிர்ந்து கிடந்தது.

"துணி இருக்குங்களா தாயி?"

"இல்ல. மழை விடட்டும்."

"ஆத்தா வந்திருக்காளா?" என்றாள் இராக்கம்மா, குரலை இறக்கி.

ரெங்கம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "சத்தம் போடாதக்கா. எந் தம்பிக்குத்தான். முகாம்ல அடைபட்டுக் கெடக்க மாட்டேன்னு வெங்காயத் தோணியில ஏறி மன்னார்ல எறங்கி நடந்தே வந்தான். வந்து ரெண்டு நாள்ல ஒடம்பு பூரா முத்து. வெளிய தெரிஞ்சா தோட்டத்துத் தொரை எங்க மாமாவத் தொலைச்சிருவாரு. கொட்டகையில கொண்டு போட்டுருவாங்க அவன."

"ஆண்டி எங்க?"

"உள்ளதான், மாமன்கிட்ட வெளையாடிக்கிட்டு இருக்கான். அவனுக்கென்ன பயம்? நீதான் குறி வச்சிருக்கியே."

இராக்கம்மாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது ரெங்கம்மாவின் கையை இறுகப் பிடித்தாள்.

"தாயி, அது குறி இல்ல. வெறும் சேங்கொட்டை. அந்த ஐயா கண்ணுல மண்ணத் தூவத்தான போட்டோம்?"

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றாள் ரெங்கம்மா. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதுதான் இராக்கம்மாவை இன்னும் பயமுறுத்தியது. "ரெண்டு வருசமா குறி வச்ச புள்ளை ஒண்ணுக்காவது ஒரு கொப்புளம் வந்துச்சா? திருவிழாவுல ஆத்தாவுக்கு மாத்துத் துணி விரிக்கிற கை உன் கை. அந்தக் கை வச்ச அடையாளத்த அவளுக்குத் தெரியாதா? பாத்துட்டுத் தாண்டிப் போயிருவா. எல்லாப் பொம்பளைங்களும் அதத்தான் சொல்றாளுக."

எல்லாப் பெண்களும்! இராக்கம்மா ஆற்றங்கரைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பொய் சொன்னவளுக்குப் பொய் என்று தெரியும். நம்பினவர்களுக்கு அது இப்போது பொய்யாக இல்லை. தான் வைத்த புள்ளிகள் ஒவ்வொன்றும், எந்தப் பிள்ளை, எந்தக் கை என்று கண் முன்னால் வந்து நின்றன. துவைகல்லில் உட்கார்ந்தே இருந்தாள்.

மாடசாமியிடம் சொன்னாள். அவன் நல்லவன்தான், தைரியசாலி அல்ல.

"வாயத் தெறந்துறாத புள்ள. கங்காணி வீட்டு விசயம். நம்மள வெரட்டுனா பரவால்ல, துண்டு குடுக்காம வெரட்டுவாரு. துண்டு இல்லாத ஆள எந்தத் தோட்டத்துல சேப்பான்? பத்துச் சீட்டு இல்லாத நாயி மாதிரி தெருத் தெருவா அலையணும். நம்ம புள்ளையப் பாரு, அது போதும்."

முந்தின தோட்டத்திலிருந்து துண்டு என்கிற விடுதலைச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் காலெடுத்து வைக்க முடியாத காலம் அது. அவன் சொன்னதில் தப்பில்லை. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலையே லத்தீப் வந்துவிட்டார். அப்புத்தளையில் அம்மை கண்டதால் சுற்றுத் தோட்டங்களுக்கெல்லாம் அவசர உத்தரவு. பெரட்டுத் தப்பு அடித்துப் பிள்ளைகளோடு எல்லாரையும் களத்துக்கு வரச் சொன்னார்கள். வீரய்யா கங்காணி கம்பளிக் கோட்டும் தலைப்பாகையுமாக முன்னால் நின்று வரிசையை ஒழுங்கு செய்தார். தன் வீட்டில் ஒன்றுமே இல்லாதது போல நின்ற அவரைப் பார்க்க இராக்கம்மாவுக்கு வியப்பாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இப்படித்தான் நிற்பார்கள் போலும்.

தழும்பு இருந்த பிள்ளைகளை லத்தீப் ஒரு பக்கம் ஒதுக்கினார். தழும்பு இல்லாதவர்களுக்குக் குத்தினார். குருவம்மாவின் முறை வந்தது. இராக்கம்மாவுக்கு ஊசிக்கு இன்னும் பயம்தான்; ஆனால் அம்மை இப்போது லயத்துக்குள்ளேயே இருந்தது.

"இவக்குக் குத்தி இரிக்கே. போங்க."

"அது சரியாப் பிடிக்கலீங்க ஐயா" என்றாள் இராக்கம்மா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இன்னொரு தரம் குத்திருங்க. கும்பிடுறேன்."

லத்தீப் நிமிர்ந்து பார்த்தார். "ஓடி ஒளிக்கிற ஆக்களத்தான் இந்த மலையில கண்டிரிக்கேன். கேட்டு வாற ஆள இண்டைக்குத்தான் காணுறேன். காட்டுங்க கைய."

ஊசி இறங்கியபோது இராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தலைச்சன் பிள்ளை அழுத சத்தம் காதில் கேட்டது. கண்ணைத் திறந்தால் குருவம்மா அழுதுகொண்டிருந்தாள். முடிந்துவிட்டது. மாடசாமி கண்ணால் ஜாடை காட்டினான், வா போகலாம் என்று. அவளும் நடந்தாள். தன் பிள்ளை தப்பித்துவிட்டாள் என்ற ஆறுதல் உடம்பெல்லாம் பரவியது. அதை மறைக்க வேண்டியதில்லை. எந்தத் தாய்க்கும் அப்படித்தான் இருக்கும்.

அப்போது ஒதுக்கி விடப்பட்ட கூட்டத்திலிருந்து பழனியாண்டி ஓடி வந்து அவள் சேலையைப் பிடித்தான். ஊசி இல்லாமல் தப்பிய குஷி அவனுக்கு.

"குருவுக்குக் குத்திட்டாங்களா? எனக்குக் குத்தல. எங்க மாமனுக்கு மூஞ்சியெல்லாம் முத்து. எனக்கு வராது. எனக்குத்தான் குறி இருக்குல்ல?"

சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான். மூன்று புள்ளி.

இராக்கம்மா நின்றாள். மாடசாமி அவள் தோளைப் பிடித்தான்; உதறிவிட்டாள். பழனியாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே லத்தீப் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, இந்தப் புள்ளைங்க கையில இருக்கிறது நீங்க குத்துனது இல்ல. நான் வச்சது."

முதலில் ரெங்கம்மாதான் கத்தினாள். "பொய்! எம் புள்ளைக்குக் குத்தியாச்சு. இவ பொறாமையில சொல்றா!" மற்றத் தாய்மாரும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா என்றவர்களின் வாயெல்லாம் அன்று வண்ணாத்தி என்றது.

"இவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு ஐயா" என்றார் கங்காணி அமைதியாக. "நீங்க வேலையப் பாருங்க." பிறகு அவள் பக்கம் திரும்பி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "துண்டு கெடைக்காது, ஞாபகம் வச்சுக்க" என்றார்.

லத்தீப் தழும்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுறத எப்பிடி நம்புறது? தழும்பு தழும்புதானே."

இராக்கம்மா பழனியாண்டியின் சட்டை ஓரத்தைத் திருப்பினாள். உள்பக்கத்தில் கறுப்பாக மூன்று புள்ளி. அதைக் கையில் இருந்த தழும்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். அடுத்த பிள்ளையை இழுத்தாள். அவள் பாவாடை ஓரத்தில் ஒரு புள்ளிக்குக் கீழே இரண்டு, கையிலும் ஒன்றுக்குக் கீழே இரண்டு. இன்னொரு பிள்ளை, சாய்த்து வைத்த இரண்டு, கையிலும் அதேதான்.

"துணிக்குப் போடுற கை ஐயா. வேற மாதிரி போடத் தெரியல."

அதற்குப் பிறகு யாரும் பொய் என்று சொல்லவில்லை. ஒரு தாய் அழுதுகொண்டே தானாகத் தன் பிள்ளையின் சட்டைக் கையை ஏற்றினாள். லத்தீப்பின் முகம் வெளிறியது. இரண்டு வருஷமாக அவரும்தானே பார்த்துத் தள்ளிவிட்டிருந்தார். "யா அல்லாஹ்" என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, "எல்லாப் புள்ளையளையும் திரும்ப வரிசையில விடுங்க. தழும்பு இரிந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி" என்றார். பிறகு பழனியாண்டி முன்னால் குந்தி, "ஊட்டுல ஆருக்கும் சொகமில்லையா மகன்?" என்று கேட்டார்.

"மாமனுக்கு ஆத்தா வந்திருக்கா" என்றான் பிள்ளை.

அன்றைக்கே ரெங்கம்மாவின் தம்பியை, அம்மை கண்டவர்களை ஒதுக்கி வைக்கிற கொட்டகைக்குக் கொண்டு போனார்கள். தோட்டத்தை அடைத்தார்கள், உள்ளே வரவும் வெளியே போகவும் தடை. துரையிடம் கங்காணி என்ன சொல்லித் தப்பித்தாரோ, அது அவருக்குத்தான் தெரியும். பெரிய மரம் காற்றுக்குச் சாயாது. இராக்கம்மா குடும்பத்துக்கு மட்டும் உத்தரவு வந்தது: அடைப்பு நீங்கியதும் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும், துண்டு கிடையாது.

போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் கழிந்த அந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல? ஒரு வீட்டிலிருந்தும் மூட்டை வரவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. கோபத்தில் அனுப்பவில்லையா, ஆத்தா வந்து அனுப்பவில்லையா, எப்படித் தெரிந்துகொள்வது? லயத்தின் பக்கம் போனால் கதவைச் சாத்தினார்கள். குருவம்மாவின் கை வீங்கிச் சீழ் கட்டிக் காய்ந்தது. அவளுக்குக் காய்ச்சல் அடித்தபோதெல்லாம் இராக்கம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படி அடிக்க வேண்டும், இப்படிக் கை வீங்க வேண்டும் என்று ஆத்தாவை வேண்டிக்கொண்டாள். முன்னால் எந்தக் காய்ச்சலுக்குப் பயந்தாளோ, அந்தக் காய்ச்சலுக்கே இப்போது நேர்ந்துகொண்டாள்.

ஒருநாள் விடிந்தபோது வாசலில் ஒரு மூட்டை கிடந்தது. பெயர் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓரத்தில் ஒன்றுக்குக் கீழே இரண்டு. சின்னப் பாவாடை உள்ளே இருந்தது. வேர்வை நாற்றத்தோடு, மண் ஒட்டிக்கொண்டு, விளையாடிய பாவாடை. அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அடுத்து இன்னொரு மூட்டை வந்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றையும் வாசலிலேயே பிரிப்பாள். சின்னத் துணியைத் தேடி எடுத்த பிறகுதான் மூச்சு வரும். சாய்த்த இரண்டு வந்தது. எல்லாம் வந்தது. மூன்று புள்ளி மட்டும் வரவில்லை.

அடைப்பு நீங்கிய சேதி வந்த அன்று ரெங்கம்மா வந்தாள். அவள் ஆளே பாதியாகியிருந்தாள். மூட்டையைத் தரையில் போடவில்லை. இராக்கம்மாவின் கையிலேயே கொடுத்தாள்.

"தண்ணி ஊத்தியாச்சு" என்றாள்.

இராக்கம்மா மூட்டையைப் பிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள்.

"தம்பி பொழைச்சுட்டான். கண்ணு ஒண்ணு போச்சு." ரெங்கம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஆண்டிக்கு அந்த ஐயா குத்துன அன்னிக்கே பிந்திப்போச்சாம். முன்னாலேயே ஏறிருச்சாம். அவரே வந்து பாத்துட்டுச் சொன்னாரு."

அவள் மடியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்தாள். மடித்து வைத்திருந்தாள். ஏசட்டும், அடிக்கட்டும் என்று இராக்கம்மா காத்திருந்தாள். ரெங்கம்மா அதில் ஒன்றும் செய்யவில்லை.

"புதைக்கிறப்ப எல்லாத்தையும் எரிச்சிரச் சொன்னாங்க. இத ஒண்ண ஒளிச்சு வச்சுட்டேன். வெளுத்துக் குடு அக்கா. அந்தக் குறிய மட்டும் எடுத்துரு. அதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது."

குறி போகாது என்பது வண்ணாத்தி பெற்ற பிள்ளைகளுக்கும் தெரியும். இராக்கம்மா சட்டையைக் கையில் வாங்கினாள். "சரி தாயி" என்றாள்.

மாடசாமி சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் சட்டையோடு ஆற்றுக்குப் போனாள். உவர்மண் போட்டாள், சாம்பல் போட்டாள், வெள்ளாவியில் வைத்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள். கல்லில் அடித்தாள். பொழுது சாயும்வரை அடித்தாள். துணி நைந்து நூல் நூலாகப் பிரிந்தது. மூன்று புள்ளியும் அப்படியே இருந்தது.